கிறிஸ்துமஸ் தீவுக்குத் தூண்டிலோடு: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: சான் ஓசேயில் வசிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பசிபிக்கில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு ஒரு வாரம் ஃபிளை ஃபிஷிங் (பூச்சி, இறால் மாதிரிக் கட்டிய ‘ஃபிளை’ என்ற போலி இரையால் மீன் பிடிப்பது) போகிறோம். ஆற்றில் ட்ரௌட் பிடித்துப் பழக்கம் உண்டு, கடலில் இதுவே முதல் தடவை. கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் 3,000 டாலரைத் தாண்டுகிறது. அதில் பெரும்பங்கு தூண்டில் கோல்களுக்கே போகிறது. இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை. கோலுக்கான செலவைப் பாதியாக்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கண்ணாடிக்கும், செருப்புக்கும், லைனுக்கும் (தூண்டில் கயிறு) போடுங்கள். உங்கள் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி. கிரிபட்டி நாட்டைச் சேர்ந்த பவளத்தீவு அது. ஹொனலுலுவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரே விமானம். அங்கே தூண்டில் சாமான் கடையை நம்பிப் போக முடியாது. செக்-இன் பெட்டி தவறிவிட்டால் அடுத்த விமானத்தில்தான் வரும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். அதனால் முதல் நாள் மீன் பிடிக்கத் தேவையானவை கைப்பையில் இருக்கட்டும்: ரீல், லைன், ஒரு பெட்டி ஃபிளை, கண்ணாடி, ஒரு முழுக்கைச் சட்டை. செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமாக இந்துமாக்கடலிலும் ஒரு கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. ஆகவே டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் சிஎக்ஸ்ஐ (CXI) என்ற விமான நிலையக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஹொனலுலுவிலிருந்து போகும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவீர்கள்; கடிகாரம் மாறாது, கிழமை மட்டும் ஒரு நாள் முன்னே போய்விடும். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் புதன்கிழமை இறங்குவீர்கள். விடுதியைப் பதிவு செய்யும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

இனி கோல். அங்கே நீங்கள் முக்கியமாகத் தேடப் போகும் போன்ஃபிஷ் என்ற மீனுக்கு ஒன்பது அடி நீளத்தில் 8 வெயிட் (கோலின் வலுவைக் குறிக்கும் எண்), நான்கு துண்டாகப் பிரிகிற கோல் போதும். 250 முதல் 350 டாலருக்குள் நல்லது கிடைக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று, காற்றை எதிர்த்து, பெரும்பாலும் 30 முதல் 50 அடிக்குள்தான் எறிவீர்கள். அந்தத் தூரத்தில் ஆயிரம் டாலர் கோலுக்கும் இதற்குமான வித்தியாசம் புதியவர் கைக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோங்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று கடையில் அழுத்திச் சொல்வார்கள். உடைந்த கோலைத் தபாலில் அனுப்பிப் பல வாரம் காத்திருக்க வேண்டிய உத்தரவாதம் அது, தீவில் உதவாது. பெரிய பாரைக்கான 12 வெயிட் கோலை வாங்கவே வேண்டாம். விடுதியில் வாடகைக்கோ இரவலாகவோ தருவார்களா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒன்று இருந்தாலும் முதல் பயணத்துக்குப் போதும்.

லைனில் மட்டும் பழையதை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ட்ரௌட் லைன் குளிர்ந்த நீருக்காகச் செய்தது. வெப்பமண்டல வெயிலில் அது தளர்ந்து, ஒட்டி, கோலின் வளையங்களில் சிக்கிக்கொள்ளும். ‘டிராபிகல்’ அல்லது ‘போன்ஃபிஷ்’ என்று குறிப்பிட்ட, உள்நூல் விறைப்பாக உள்ள மிதக்கும் லைன் வேண்டும். விலை 100 டாலர் வாக்கில் இருக்கும். ரீலில் சுற்றிவிட்டால் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டா, அதனால் பெட்டியைப் பிரிக்கும் முன் எழுத்தை ஒருமுறை சரிபாருங்கள். சன்ஸ்கிரீனும் டீட் கலந்த கொசு மருந்தும் லைனைக் கெடுக்கும். பூசிய கையைக் கழுவித் துடைத்த பிறகே லைனைத் தொடுங்கள்.

கண்ணாடி. போன்ஃபிஷின் செதில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மணலைப் பிரதிபலிப்பதால் மீனைவிட அதன் நிழல்தான் முதலில் தெரியும். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாவிட்டால் வழிகாட்டி விரல் நீட்டும் இடத்தில் உங்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். ஆழமில்லாத மணல் திட்டுக்குச் செம்பு அல்லது தேன் நிற லென்ஸ் ஏற்றது, சாம்பல் நிறம் ஆழ்கடலுக்குத்தான் சரி. விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்தால் கடையிலேயே சோதிக்கலாம். கண்ணாடியை லேப்டாப் திரைக்கு முன் பிடித்துத் திருப்புங்கள், ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிட வேண்டும். பவர் உள்ளவராக இருந்தால் இப்போதே ஆர்டர் கொடுங்கள், செய்து வர நாளாகும். மருத்துவர் சீட்டோடு வாங்கும் பவர் கண்ணாடிக்கு அலுவலக எஃப்எஸ்ஏ கணக்கிலிருந்து (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் ஒதுக்கும் பணம்) பணம் எடுக்கலாம்.

செருப்பு என்றால் கடற்கரைச் செருப்பு இல்லை. பவளத்துண்டுகள் கத்தியாக வெட்டும். ஸ்டோன்ஃபிஷ் மணலோடு மணலாகக் கிடக்கும், அதன் முள்ளில் கடும் விஷம். கணுக்காலை மூடி, அடிப்பாகம் கெட்டியாக உள்ள ‘ஃபிளாட்ஸ் பூட்’ வாங்குங்கள். மெல்லிய நியோப்ரீன் காலுறை மாதிரி விற்பதை வாங்காதீர்கள். உள்ளே போடும் சாக்ஸோடு அளவு பாருங்கள், வீட்டில் நனைத்துக்கொண்டு நடந்தும் பாருங்கள். திருக்கை படுத்திருக்கும் இடங்களில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

மற்றவை சிறிய செலவுதான். 12 முதல் 16 பவுண்டு ஃபுளூரோகார்பன் லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு), 6, 8 எண் முள்ளில் கட்டிய கிறிஸ்துமஸ் ஐலண்ட் ஸ்பெஷல், கிரேஸி சார்லி, காட்சா ஃபிளைகள், இடுக்கி, முகத்தையும் கழுத்தையும் மூடும் துணி, விரல் நுனி மட்டும் திறந்த கையுறை. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை அடிபடாமல் விடுவிக்கலாம், உங்கள் தோலில் ஏறினாலும் எளிதில் வரும். ஹவாயில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க 2021 முதல் தடை. துத்தநாக ஆக்சைடு உள்ளதை வாங்குங்கள், பவளத்தின் நடுவில்தானே நிற்கப் போகிறீர்கள். தீவில் செல்லுபடியாவது ஆஸ்திரேலிய டாலர்.

கடையில் எழுதித் தராத இரண்டு விஷயங்கள். அவசர மருத்துவத்துக்கு விமானத்தில் அழைத்து வருவதையும் சேர்த்த பயணக் காப்பீடு கட்டாயம். அப்புறம், இந்திய பாஸ்போர்ட்டில் ஹெச்-1பி வேலை விசா முத்திரை காலாவதி ஆனவர் யாராவது உங்களில் இருந்தால், ஐ-797 என்ற அனுமதிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் திரும்ப முடியாது. கனடா, மெக்சிகோவுக்கு உள்ள சலுகை இங்கே கிடையாது. முன்பணம் கட்டுவதற்கு முன் நால்வரும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘கடல்நீருக்கு ஏற்றது’ என்று அச்சிட்ட ரீல் வாங்கினேன். ஒரே பயணத்தில் கைப்பிடி இறுகி, வெள்ளைப் பூச்சாகப் பூத்துவிட்டது. உத்தரவாதம் பொருந்தாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த வாசகம் தரச்சான்று இல்லை, விளம்பரம். பொதுவாக உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தான், உப்பு அரித்ததற்கு இல்லை. ஆனாலும் டிராக் (மீன் இழுக்கும்போது லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ‘சீல்டு டிராக்’ (தண்ணீர் புகாமல் மூடியது) என்று சொல்லி விற்றிருந்தால் அது உங்கள் பக்கம் வலுவான வாதம். விளம்பரப் பக்கத்தின் படத்தோடும் ரசீதோடும் எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று கார்டு நிறுவனத்திடமும் முறையிடலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. அடுத்த ரீல் வாங்கும்போது வார்ப்பு உலோகத்தைத் தவிர்த்து, கடைந்து எடுத்த அனோடைஸ்டு அலுமினியமாகப் பாருங்கள். லைனுக்கு அடியில் சுற்றும் 20 பவுண்டு பேக்கிங் நூல் 200 கெஜம் கொள்ள வேண்டும். தினமும் மாலையில் டிராக்கை இறுக்கி, மெல்ல விழும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிறகு தளர்த்தி நிழலில் காயவையுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.