முதலில் ஆர்.சி., பிறகு வண்டி

கேள்வி: எனக்கு 58 வயது, விரைவில் ஓய்வு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் மனைவியும் வேனிலேயே தங்கி இந்தியா முழுக்கச் சுற்றலாம் என்றிருக்கிறோம். 15 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 2017 மாடல் டெம்போ டிராவலர், மஞ்சள் போர்டு, 12 சீட் வண்டி ஒன்றை ஒரு புரோக்கர் குறைந்த விலைக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஏ.சி. எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். டிராவலர் நல்ல வண்டிதான். ஆனால் "சீட்டைக் கழற்றிவிட்டு" என்று புரோக்கர் போகிற போக்கில் சொன்னாரே, சிக்கல் முழுவதும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. அபராதத்தைவிட இன்ஷூரன்ஸைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். ஆர்.சி.யில் 12 சீட் என்றிருந்து, உள்ளே கட்டிலும் காஸ் அடுப்பும் இருந்தால், விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார். உங்கள் வீடே அந்த வண்டிதான் என்னும்போது இந்த அபாயம் வேண்டாம்.

முறையான வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகை நம் பதிவு முறையிலேயே உண்டு. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற பாதுகாப்புத் தரமும் உண்டு. அந்தத் தரத்துக்கு ஒப்புதல் பெற்ற பாடி பில்டரிடம் கட்டினால், ஆர்.சி.யிலேயே கேரவன் என்று பதிவாகும். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் கைவேலை அருமையாக இருக்கும். ஆனால் நீங்கள் கட்டப்போகும் அதே மாடலுக்குக் கேரவன் ஒப்புதல் சான்று வைத்திருக்கிறார்களா என்று நகலை வாங்கிப் பார்த்த பிறகே பேச்சைத் தொடருங்கள். பழைய மஞ்சள் போர்டு வண்டிதான் வேண்டும் என்றால், வாங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்: பர்மிட்டை ஒப்படைத்து, சொந்த உபயோகத்துக்கு மாற்றி, கேரவனாகப் பதிய முடியுமா? "ஆகும் சார், பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தை போதாது.

மஞ்சள் போர்டாகவே வைத்துக்கொண்டாலோ, எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்; பர்மிட், வரி என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்கு ஓடும். ஊர் சுற்றுபவர்கள் மறந்துவிடுகிற இன்னொன்று 47-வது பிரிவு. வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதனால் எந்த மாநிலத்திலும் தொடர்ந்து ஒரு வருடம் தங்காதபடி பயணத்தை அமையுங்கள். டோல் ரசீதுகளையும் சேமித்து வையுங்கள். பாளையங்கோட்டை வீட்டு முகவரி ஆர்.சி.யிலும் ஆதாரிலும் அப்படியே இருக்கட்டும். ஓட்டுநர் உரிமம் தடையாகாது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. டிராவலர் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

2017 மாடல் என்றீர்களே, தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 1-ல் பி.எஸ்.-4 என்ற புகை மாசுத் தரம் நாடு முழுக்கக் கட்டாயமானது. அதற்கு முந்தையது பி.எஸ்.-3 ஆக இருக்கலாம். டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்கான கெடுபிடி அடிக்கடி மாறுகிறது, அங்கே பி.எஸ்.-3 வண்டியோடு போவது தலைவலி.

எந்த வேன் என்பதற்கு உயரம்தான் முதல் அளவுகோல். தினமும் குனிந்தபடியே சமைத்து, உடை மாற்றி வாழ்ந்தால் இரண்டே மாதத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். தரைக்குப் பலகை, கூரைக்கு இன்சுலேஷன் என்று 6 முதல் 7 செ.மீ. போய்விடும். உங்கள் உயரத்தோடு 10 செ.மீ. கூட்டி, டேப்போடு உள்ளே ஏறி அளந்து பாருங்கள். மாருதி ஈகோ போன்ற சின்ன வண்டி வார இறுதிக்குச் சரி, இரண்டு பேர் நிரந்தரமாக வாழ ஆகாது. டாடா விங்கர் முன் சக்கர இழுவை வண்டி. தரை தாழ்வு என்பதால் ஏறி இறங்கச் சுலபம். டிராவலர் பின் சக்கர இழுவை. கனம் ஏறினாலும் மலைப்பாதையில் திணறாது. சின்ன ஊரிலும் அதற்கு மெக்கானிக் கிடைப்பார், பாகங்களும் கிடைக்கும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரிய பலம். இரண்டில் ஒன்றென்றால் எங்கள் தேர்வு டிராவலர்தான்.

பழைய வண்டியைக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வரும் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் பிரிக்க வேண்டி வரும். நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வேகம் கூடாமல் இன்ஜின் சத்தம் மட்டும் கூடினால் கிளட்ச் போய்விட்டது. பின்னால் "ஊ..." என்ற ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன், அதாவது பின் அச்சின் பல்சக்கரம், தேய்ந்திருக்கிறது.

துருவைத்தான் இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். இன்ஜினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த பாடிக்கு மாற்று கிடையாது. தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். படிக்கட்டு, சக்கர வளைவின் உட்புறம், கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, கூரை ஏ.சி. பொருத்திய ஓட்டைகளைச் சுற்றிய இடம், இவையெல்லாம் தண்ணீர் நிற்கும் இடங்கள். ஒரு சிறு காந்தத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியின் சேஸை ஜாக்கி போட்டுக் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா, வரி பாக்கி, அபராதப் பாக்கி, வங்கிக் கடன் ஏதும் நிற்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். 15 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தொடாமல் வையுங்கள்.

உள் வேலையில் பலர் கோட்டைவிடுவது எடையில். 18 மி.மீ. பிளைவுட் 8 க்கு 4 ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 35 கிலோ. பத்து ஷீட் அடித்தால் 350. 100 லிட்டர் தண்ணீர் என்றால் இன்னொரு 100. காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாடி வேலை பாதி முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். தண்ணீர் டேங்க் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தாழ்வாக இருக்கட்டும். பின் பக்கமே எல்லாம் குவிந்தால் ஸ்டியரிங் பிடி தளர்ந்து, மழையில் வண்டி அலையும்.

ஏ.சி. ஆசைக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, லேப்டாப் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 1.1 யூனிட் ஆகும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 2.5 யூனிட் தாங்கும். கூரையில் படுக்கையாகப் பொருத்திய 400 வாட் சோலார், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 1.2 யூனிட் அளவுக்குத் தரும். வரவும் செலவும் இங்கே சரியாகிவிடுகின்றன. ஒரு டன் ஏ.சி. இரவு முழுக்க ஓடினாலோ தனியாக 5, 6 யூனிட் கேட்கும். வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஏ.சி. என்று முடிவு செய்துகொண்டு, கூரையில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். சித்திரை வைகாசியில் மலைப்பக்கம் போய்விடுங்கள். ஏ.சி.க்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அலாரம் ஒன்று படுக்கை உயரத்தில் கட்டாயம் வேண்டும்.

காஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். உள்பக்கம் இடைவெளி இல்லாமல் மூடிய தனிப் பெட்டியில், வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி வையுங்கள். காஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். எனவே பெட்டியின் அடித்தரையில் வெளியே போக ஓட்டை வேண்டும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்ததற்கு உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம்.

கழிப்பறைக்குக் கழற்றி எடுத்துக் காலி செய்யும் 20 லிட்டர் கேசட் வகை உங்களுக்குப் போதும். இந்த வயதில் இரவில் பெட்ரோல் பங்க் தேடி அலைய வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னால், கேரளத்தில் வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். அங்கே அரசே 2021 முதல் கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்கிறது. உங்கள் மனைவிக்கு எது ஒத்துவரவில்லை என்று அந்த ஏழு நாளில் தெரிந்துவிடும். அவர் சொல்வதை எழுதிவைத்து, பாடி பில்டரிடம் அதைக் கொடுங்கள்.

புரோக்கர் நெருக்கினால் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "கடன் நீக்கச் சான்று, நடப்பு எஃப்.சி., ஆர்.டி.ஓ.வின் எழுத்துப்பூர்வ மாற்ற அனுமதி ஆகியவை 60 நாளுக்குள் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.