லான்காஸ்டர் ஆமிஷ் கிராமங்களுக்குக் குடும்பத்தோடு போக: முதலில் கிழமையைப் பாருங்கள்

தம்பி, நியூஜெர்சி எடிசனுக்குக் குடிவந்து ஆறு மாசம் ஆகிறது, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், ஏழு வயதில் பெண், மூன்று வயதில் பையன், எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனி ஞாயிறு பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் ஆமிஷ் மக்கள் (கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவ சமூகத்தார்) வாழும் கிராமங்களுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெற்றோர் முட்டைகூடச் சாப்பிடாத சைவம் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் சனி ஞாயிறு வேண்டாம், வெள்ளி சனி என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ்காரர்களின் கடை, சாலையோரக் காய்கறிப் பந்தல், பண்ணை எதுவும் திறந்திருக்காது. பலர் சனி, ஞாயிறு என்று ஓட்டலை முன்பதிவு செய்துவிட்டு, இரண்டாம் நாள் பூட்டிய கடைகளைப் பார்த்துத் திரும்பி வருகிறார்கள். ஞாயிறு அவர்களுக்குக் கும்பிடும் நாள். தனியாகத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றால் அங்கே வழிபாடு நடக்கிறது என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

இன்னும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களுக்கு அக்டோபர் 11 நோன்பு நாள், கடை இருக்காது. அக்டோபர் இரண்டாம் திங்களை ஒட்டி வரும் கொலம்பஸ் தின நீண்ட வார இறுதியில் ஓட்டல் வாடகை ஏறிவிடும், சாலையும் நெரியும். உங்கள் பெண்ணுக்குப் பள்ளி இருப்பதால் இன்னொரு யோசனை: நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக நியூஜெர்சி அரசுப் பள்ளிகளுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை வரும். அதையொட்டிப் போனால் படிப்பு கெடாது. அந்தச் சமயம் ஆமிஷ்காரர்களுக்குக் கல்யாண சீசன். அறுவடை முடிந்ததும் செவ்வாய், வியாழன்களில்தான் கல்யாணம் வைப்பார்கள், அதனால் வீட்டோடு சேர்ந்த சிறு கடைகள் வியாழனன்று மூடியிருக்கலாம். வெள்ளி, சனி திறந்திருக்கும். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்த பிறகு மாலை 5 மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலை 7 மணிக்கே கிளம்புங்கள்.

எடிசனிலிருந்து ஏறத்தாழ 120 மைல், இரண்டேகால் மணி நேரம். நியூஜெர்சி டர்ன்பைக்கில் தெற்கே வந்து 6ஆம் எக்ஸிட்டில் பென்சில்வேனியா டர்ன்பைக் பிடியுங்கள். அங்கே டோல் பணம் வாங்க ஆள் கிடையாது. ஈசிபாஸ் (டோலைத் தானாகக் கழித்துக்கொள்ளும், காரில் ஒட்டும் கருவி) இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு பில் அனுப்புவார்கள், கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாடகை வண்டியானால் அதன் மேல் கம்பெனியின் சேவைக் கட்டணமும் சேரும். சொந்த ஈசிபாஸை எடுத்துப் போய், அந்த வண்டியின் எண்ணை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும் நீக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்து ஓட்டுபவரின் டோலும் உங்கள் தலையில் விழும்.

ஜிபிஎஸ் பெரும்பாலும் 30ஆம் சாலைக்கு இழுக்கும். அது அவுட்லெட் கடைகளும் சிக்னல்களும் நிறைந்த சாலை. அதைப் பார்த்துவிட்டு 'கிராமமே இல்லையே' என்பார் அப்பா. 298ஆம் எக்ஸிட்டான மார்கன்டவுனில் இறங்கி, 10ஆம் சாலையில் தெற்கே காம்பஸ் வரை வந்து, வலது பக்கம் 340ஆம் சாலையில் திரும்புங்கள். ஒயிட் ஹார்ஸ், இன்டர்கோர்ஸ், பேர்ட்-இன்-ஹேண்ட் என்று ஊர்கள் வரிசையாக வரும். இரு பக்கமும் மக்காச்சோளக் காடு, கோவேறு கழுதைகள் பூட்டிய ஏர், கம்பிக் கொடியில் காயும் துணிகள். மோட்டார் ஓசையில்லாமல் வயல் வேலை நடப்பதை உங்கள் பெற்றோருக்கு விளக்கவே வேண்டாம். கிளைச் சாலைகள் இன்னும் அழகு.

ஆறு பேர் என்பதால் மினிவேன்தான் சரி. நடு வரிசையின் தனி இருக்கைகளில் பெற்றோரை உட்கார வையுங்கள், படி தாழ்வு, மூட்டுக்கு நல்லது. பிள்ளைகள் பின் வரிசையில். பென்சில்வேனியாவில் 4 வயதுக்குள் கார் சீட்டும், 8 வயது வரை பூஸ்டர் இருக்கையும் கட்டாயம். உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே வேண்டும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம், குதிரை வண்டி. அது மணிக்கு 5 முதல் 8 மைல் வேகத்தில்தான் போகும். நீங்கள் 55இல் போகிறீர்கள், முன்னால் 500 அடியில் ஒரு வண்டி 5 மைல் வேகத்தில் போகிறது என்றால் அதை எட்ட 7 விநாடிகூட ஆகாது. அதே தூரத்தில் 45இல் ஓடும் காராக இருந்தால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கண் அதைக் கார் என்று நினைத்துக் கணக்குப் போடுவதால்தான் பின்னாலிருந்து மோதுகிறார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடங்களில் வேகத்தைக் குறைத்தே ஏறுங்கள். வண்டியின் பின்னால் உள்ள ஆரஞ்சு முக்கோணம் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஹாரன் வேண்டாம், குதிரை மிரளும். நல்ல இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்து, எதிரே தெளிவாகத் தெரிந்து, நடுக்கோடும் அனுமதிக்கும் இடத்தில் அகலமாக ஒதுங்கிக் கடந்து, குதிரைக்கு முன்னால் சட்டென்று நுழையாமல் மெதுவாக வலது பக்கம் வாருங்கள். இருட்டிய பிறகு கிளைச் சாலைகளில் ஓட்டாமல் இருப்பது உத்தமம். அக்டோபர், நவம்பர் அந்தி நேரத்தில் மான்களும் குறுக்கே பாயும்.

படம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வயல், களஞ்சியம், தூரத்தில் போகும் வண்டி ஆகியவற்றை எடுக்கலாம். முகம் கூடாது, குழந்தைகளை எடுக்கவே கூடாது. உருவம் செய்யக் கூடாது என்ற பைபிள் வாக்கையும், தன்னைக் காட்டிக்கொள்வது அகந்தை என்ற நம்பிக்கையையும் அவர்கள் உயிராக நினைக்கிறார்கள். 'ஒரே ஒரு செல்ஃபி' என்று கேட்டால் பணிவாக மறுப்பார்கள், அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு உண்டாக்க வேண்டாம். ஆனால் பேசலாம், நன்றாகப் பேசுவார்கள். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்ற ஜெர்மன் வகை. வெளியாட்களிடம் நல்ல ஆங்கிலம். ஆமிஷ் அல்லாத எல்லோரையும் 'இங்கிலீஷ்' என்பார்கள், அந்தக் கணக்கில் நாமும் இங்கிலீஷ்தான். இவர்கள் ஏன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள் என்று உங்கள் பெண் கேட்பாள். 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மத நம்பிக்கையின் பேரில் அதை அனுமதித்தது என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பஃபே என்றதும் சைவமும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பச்சை பீன்ஸில் பன்றித் தொடை கிடக்கும், உருளைக்கிழங்கு மசியல் மேல் ஊற்றுவது இறைச்சிச் சாறு, வெண்ணெயில் புரட்டிய நூடுல்ஸில் முட்டை, பளபளவென்று ஆடும் பழ சாலட்டில் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். வெல்லப்பாகு வாசனை வீசும் ஷூஃப்ளை பை என்ற இனிப்புப் பண்டத்தின் மாவு ஓட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, பாகில் முட்டையும் இருக்கும். 'வெஜிடேரியனா' என்று கேட்டால் ஆமாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார்கள். 'லார்டு (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, ஹாம் (பன்றித் தொடை) போட்டு வேகவைத்ததா' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பெற்றோர் நம்பிச் சாப்பிட வழியும் உண்டு. கண்ணெதிரே முறுக்கிச் சுட்டுத் தரும் மென்மையான பிரெட்சல்: மாவும் ஈஸ்ட்டும் பிசைந்து, சோடா உப்புத் தண்ணீரில் முக்கிச் சுட்டு, மேலே வெண்ணெய் தடவுவது. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிள் பட்டர் என்பதில் வெண்ணெயே இல்லை. ஆப்பிளை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய விழுது. சவ்-சவ் என்பது நம் சௌசௌ காய் அல்ல, பல காய்கறி கலந்த ஊறுகாய். இனிப்பும் புளிப்புமாக இருக்கும், காரம் எதிர்பார்க்க வேண்டாம். மற்றபடி புளியோதரையும் தயிர்சாதமும் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் உள்ள அறையாகப் பாருங்கள். லான்காஸ்டர் நகரத்தில் இந்திய உணவகங்களும் உண்டு.

வெள்ளி காலை இன்டர்கோர்ஸ் போய்ச் சேர்ந்து, முதலில் குதிரை வண்டிச் சவாரி. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் படி எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். மதியம் கிளைச் சாலைகளில் பண்ணைக் கடைகள். ஆள் இல்லாத காய்கறிப் பந்தல்களில் விலை எழுதி, பக்கத்தில் பணப்பெட்டி வைத்திருப்பார்கள். சில்லறை தர யாரும் இல்லாததால் 1, 5 டாலர் நோட்டுகளாக ஐம்பது டாலருக்கு மாற்றிக்கொண்டு போங்கள். சனி காலை லான்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட். செவ்வாய், வெள்ளி, சனி மட்டும் நடக்கும், மதியத்துக்குள் போய்விட வேண்டும். பிறகு ஸ்ட்ராஸ்பர்க் நீராவி ரயில், 45 நிமிடம், வயல்களின் நடுவே பாரடைஸ் வரை போய்த் திரும்பும். மூன்று வயதுப் பையனுக்கு இது போதும். அவன் தூங்கிவிட்டால் எதிரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தை விட்டுவிடலாம்.

அம்மா குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த) போர்வை வாங்க ஆசைப்பட்டால், கையால் தைத்த பெரிய கட்டில் அளவு போர்வை ஆயிரம் டாலருக்கு மேல் போகும். கைத்தையலா என்று பார்க்க ஒரு மூலையைத் திருப்புங்கள். கைத்தையலில் நூல் ஒரு தையல் தெரியும், ஒரு இடைவெளி விடும், பின்பக்கமும் அப்படியே. நீளத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். மிஷின் தையலில் கோடு இடைவெளியே இல்லாமல் ஓடும். மிஷின் தையலுக்கு அந்த விலை கொடுக்காதீர்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் அதே தையலில் தலையணை உறையோ சுவரில் மாட்டும் சின்னத் துண்டோ கிடைக்கும், ஊருக்குப் போகும்போது பெட்டியில் மடித்து வைக்கவும் சுலபம்.