1970 செவெல்லில் 2.73 பின் கியரை மாற்றி 4.10 போடலாமா?

உங்கள் வண்டி 1970 செவர்லே செவெல் மாலிபு, 350 எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், பின் ஆக்சிலில் 2.73 (பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட் என்ற தண்டு 2.73 சுற்று சுற்றும் விகிதம்). சிக்னலில் கிளம்பும்போது மந்தமாக இருக்கிறது, 4.10 போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வண்டியை ஹூஸ்டனில் வைத்துக்கொண்டு, இதே ஆசையில் கை சுட்டுக்கொண்டவன் நான். மந்தம் போய்விடும். ஆனால் வாரம் எத்தனை மைல் ஹைவேயில் ஓட்டுகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

கணக்கு சுலபம். மைல் வேகத்தைப் பின் கியர் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 26 அங்குல டயரில் 70 மைல் வேகத்துக்கு 2.73 என்றால் சுமார் 2,470 சுற்று. 3.73 என்றால் 3,370. நீங்கள் கேட்கும் 4.10 என்றால் 3,700. அந்த இரைச்சலில் ஒரு மணி நேரம் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். நான் 3.73 போட்டேன், அதற்கே அலுத்துவிட்டது. பிறகு ஓவர் டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கடைசி கியர்) உள்ள 200-4ஆர் கியர்பாக்ஸ் மாட்டினேன். அதன் கடைசி கியர் 0.67, அதனால் ஹைவேயில் பழைய 2.73 காலத்தைவிட எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. ஓவர் டிரைவ் போடும் எண்ணம் இல்லையென்றால் 3.36 அல்லது 3.55இல் நின்றுகொள்ளுங்கள் என்பேன்.

பின்னால் இருப்பது 2.73தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்களோ! கியரை நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். டிரைவ் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் இரண்டே முக்கால் சுற்று சுற்றினால் 2.73. சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இந்த முறை. போசி (இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் வகை) இருந்தால் அந்த ஒற்றைச் சக்கரம் இப்படிச் சுற்றாது.

அடுத்து, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். 2.73இல் கிரவுனுக்கு (ஆக்சிலில் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 41 பல், பினியனுக்கு (அதைச் சுற்றும் சின்ன பல்சக்கரம்) 15. 3.73இல் கிரவுனுக்கு அதே 41, பினியனுக்கு வெறும் 11. பினியன் சிறுத்துப்போவதால் கிரவுன் அதை நோக்கி நகர்ந்து உட்கார வேண்டும். 2.73க்கு வந்த கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) அது எட்டாது. உங்கள் வண்டியில் இருப்பது 8.2 அங்குல 10 போல்ட் ஆக்சில் (கிரவுன் 8.2 அங்குலம், மூடியில் 10 போல்ட்) என்றால், 3.08இலிருந்து மேலே போக வேறு கேரியர் வேண்டும். எப்படியும் கேரியர் வாங்கத்தான் போகிறீர்கள், போசியாகவே வாங்கிவிடுங்கள். எஞ்சினை நன்றாக முறுக்கி, ஒட்டிப் பிடிக்கும் டயரும் போடப்போகிறீர்களா? அப்படியென்றால் இந்த 10 போல்ட்டில் காசைக் கொட்டாமல் 12 போல்ட் ஆக்சில் தேடுங்கள். அதன் கிரவுன் 8.875 அங்குலம்.

கியர் செட்டைவிட அதைப் பூட்டும் கைதான் முக்கியம். என் வண்டியை முதலில் பூட்டிய கடையில் அவசரப்பட்டார்கள். 45 மைல் வேகம் வந்ததும் பின்னாலிருந்து ஊளை ஆரம்பித்துவிடும். வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, நான்கைந்து பல்லில் மஞ்சள் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் தடவி, கிரவுனைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி பினியனைச் சுற்றினார். பேஸ்ட் வழிக்கப்பட்ட தடம் பல்லின் நடுவில் இல்லாமல் அடிவேரில் கிடந்தது. பினியன் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருந்த ஷிம்மை (மெல்லிய உலோக வளையம்) எடுத்துவிட்டு, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மெல்லிசான வேறொன்றைப் போட்டார். பேக்லாஷை (இரண்டு சக்கரங்களின் பற்களுக்கு இடையே விடும் இடைவெளி) 0.008 அங்குலத்தில் நிறுத்தினார் (0.006 முதல் 0.010 வரை இருக்கலாம்). கிரஷ் ஸ்லீவும் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி இறுக்கத்தை நிறுத்தும் குழாய்) புதிதுதான். அதை அதிகமாக இறுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, இன்னொன்று வாங்க வேண்டியதுதான். ஆகவே பூட்டி முடித்ததும் அந்தத் தடத்தைப் போட்டோ எடுத்துக் கேளுங்கள். தரத் தயங்குகிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

முதல் ஓட்டம் பதினைந்து இருபது நிமிஷம், நிதானமாக. பிறகு முழுசாக ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்து, 500 மைலில் ஆயிலை மாற்றிவிடுங்கள். போசி என்றால் அதற்கான அடிட்டிவ்வும் ஊற்ற வேண்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், பின் கியரை மாற்றியதும் அது பொய் சொல்லும். கியர்பாக்ஸில் செருகும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும். நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 60இல் போகும்போது முள் 82 காட்டும். “என்னங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்று மனைவி சொல்லிக்கொண்டே வர, இடப்பக்கம் ஒரு பழைய பிக்கப் லாரி எங்களை ஓவர்டேக் செய்துவிட்டுப் போகும்.