தோப்பில் கேபிள் திருட்டு

கேள்வி: கடலோரத்தில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. மோட்டார் கேபிளை இரண்டு தடவை அறுத்துவிட்டார்கள். புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தந்தார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அறுக்கிறவனுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்புதான். மேலுறையை எரித்துவிட்டு எடைக்குப் போட்டால் அது யார் தோப்புக் கம்பி என்று சொல்லவே முடியாது, அதனால் அவன் கைக்கு எட்டாமல் வைப்பதுதான் முதல் வேலை. போர்வெல்லிலிருந்து ஸ்டார்டர் பெட்டி வரை கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். உச்சிப்புளி, மண்டபம் பக்கமெல்லாம் மணல் பூமி, கையாலேயே தோண்டிவிடலாம், மேலே சிமெண்ட் கலவை போட்டால்தான் நிற்கும். மோட்டார், டீசல் இன்ஜின், ஏன், படகு இன்ஜினிலும்கூட அடையாளம் கொத்தி, தகட்டு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, ரசீதுக்கு வருவோம். சிஎஸ்ஆர் வெறும் மனு ரசீது, எஃப்ஐஆர் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி அதன் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வழக்காகிவிடும், அதனால் கேபிள் வாங்கிய பில்லைத் தேடி எடுத்து மனுவோடு சேருங்கள்.