வோல்ஃப் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசியில் வோல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்து வியந்துபோனேன். 451 நாட்கள் எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் மூன்று பெருங்கடல்களையும் சுற்றி ஊர் திரும்பிய கப்பல்! எம்டன் நம் பேச்சிலேயே ஒரு சொல்லாகிவிட்டது. இது ஏன் யாருக்கும் தெரியவில்லை? தமிழில் இதன் பணி வரலாற்றை ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 30 நவம்பர் 1916-ல் தொடங்கி 24 பிப்ரவரி 1918-ல் முடித்திருக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது உண்டா?

கே., தூத்துக்குடி

அன்புள்ள கே.,

ஒரு வரியில் கடந்தது என் தவறுதான். உங்கள் வியப்பும் நியாயமானது. வாக்ட்ஃபெல்ஸ் என்ற சாதாரண சரக்குக் கப்பலை மாற்றியமைத்து, மடங்கும் தகடுகளுக்குப் பின்னால் பீரங்கிகளை ஒளித்து, கப்பல் இடித்தால் வெடிக்கும் கடல் கண்ணிகளை 450-க்கும் மேல் ஏற்றி அனுப்பினார்கள். மணிக்கு 11 கடல் மைல்கூடத் தாண்டாத வேகம். எந்தப் போர்க்கப்பல் துரத்தியிருந்தாலும் பிடித்திருக்கும். அதனால் கேப்டன் கார்ல் ஆகஸ்ட் நெர்கர் வயர்லெஸ்ஸில் பேசவே இல்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நிலக்கரியும் சாப்பாடும் பிடித்த கப்பல்களிலிருந்து வந்தன. அப்படிப் பிடித்தவை 14. 'குட்டி ஓநாய்' என்று பெயரிட்ட ஒரு கடல் விமானமும் கப்பலில் இருந்தது. நியூசிலாந்துக்கு வடகிழக்கே உள்ள கெர்மடெக் தீவுகளருகே அது வைருனா என்ற கப்பலின் மேல் தாழப் பறந்து உத்தரவுச் சீட்டைப் போட்டது, முன்னால் ஒரு குண்டும் போட்டது. வைருனா பணிந்துவிட்டது.

கைதிகளின் கதையைத் தனியாகவே எழுதலாம். பெலூகா என்ற பாய்மரக் கப்பலின் கேப்டனோடு அவர் மனைவியும் ஆறு வயது மகளும் மாட்டிக்கொண்டார்கள். கடைசி மாதங்களில் கப்பல் முழுக்க ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய்.

சரி, உங்கள் முதல் கேள்வி. எம்டன் 22 செப்டம்பர் 1914 இரவில் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. தீ ஊருக்கே தெரிந்தது. வோல்ஃப் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே வந்ததைக் கரையில் இருந்தவர்கள் அறியவே இல்லை. இருட்டில் பின்பக்கத் தண்டவாளத்தில் கண்ணிகளை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டுப் போனது. பின்பு வூஸ்டர்ஷயர் என்ற கப்பல் அந்தக் கண்ணியில் மூழ்கியது. சில நாளில் பெர்சியஸ் என்ற கப்பலும். அடுத்து பம்பாய்க்கு வெளியேயும் விதைத்துவிட்டுத் தெற்கே போய்விட்டது.

'கண்ணி' என்ற சொல்லே இதைச் சொல்கிறது பாருங்கள். பறவைக்குக் கண்ணி வைப்பவன் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கடல் கண்ணியின் அடிப்பாரம் தரையில் உட்கார்ந்துகொள்ளும். உருண்டை கம்பி வடத்தில் மிதந்து, நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே நிற்கும். அதன் மேல் ஈயக் கொம்புகள். கப்பல் இடித்துக் கொம்பு வளைந்தால் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழாய் உடையும். அதிலுள்ள அமிலம் வழிந்து ஒரு சின்ன பேட்டரியை உயிர்ப்பிக்கும். அப்புறம் வெடிதான். இடிப்பது போர்க்கப்பலா பயணிக் கப்பலா என்று அதற்குத் தெரியாது.

23 ஜூன் 1917-ல் மங்கோலியா என்ற தபால் கப்பல் பம்பாய்க்கு வெளியே மூழ்கியது. கண்ணி வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வோல்ஃப் அப்போது எங்கே? நியூசிலாந்தின் வடமுனையை நெருங்கி, அங்கே கண்ணி விதைக்கக் காத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கேபோ தீவருகே வோல்ஃப் விதைத்த கண்ணியில் கம்பர்லாந்து என்ற கப்பல் அடிபட்டபோது, உள்ளேயே யாரோ வெடி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினார்கள். போர்க்காலம், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பெயர் தெரியாத எதிரி எப்படிப் பேச்சுவழக்கில் நுழைவான்? எம்டன் நம் வாயில் தங்கியதற்கும் வோல்ஃப் தங்காததற்கும் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

இப்போது உங்கள் குறிப்புக்கு வருகிறேன். நெர்கர் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்குத் திரும்பினார். ஜெர்மனி பூர் லெ மெரிட் என்ற உயரிய வீரப் பதக்கம் கொடுத்தது. போருக்குப் பின் கப்பல் பிரான்ஸின் கைக்குப் போய் அந்தினூஸ் ஆனது. 1931-ல் இத்தாலியில் உடைத்தார்கள். இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. பீரங்கிக் கப்பலின் பணி வரலாற்றை அது ஊர் திரும்பிய நாளில் முடித்துவிடலாம். கண்ணிக் கப்பலுக்கு அப்படி முடிக்க முடியாது. மாலுமிகள் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் கழிந்தபின், ஆக்லாந்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட விமெரா என்ற பயணிக் கப்பல், முந்தைய ஆண்டு நியூசிலாந்தின் வடமுனையில் விதைத்த கண்ணியில் மோதி மூழ்கியது. நெர்கரின் திறமையை நீங்கள் தாராளமாகப் பாராட்டுங்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் 24 பிப்ரவரி 1918-க்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: 26 ஜூன் 1918, விமெரா, 26 பேர் பலி.

அன்புடன்.