மேல் ஸ்தாயியில் சுருதி ஏன் இறங்குகிறது?

கேள்வி: எனது பழைய அனலொக் சிந்தசைசரை மடிக்கணினியிலிருந்து இசைப்பதற்காக, ஆர்டுயினோ என்ற சிறிய நிரற்கணினிப் பலகையைக் கொண்டு இடைமுகச் சுற்றொன்றை நானே அமைத்தேன். அதன் பி.டபிள்யூ.எம். வெளியீட்டை (மின்னை வேகமாகப் போட்டு நிறுத்தும் துடிப்புகளை) தடையி, கொள்ளளவி ஆகியவற்றால் வடிகட்டிச் சுருதி உள்ளீட்டுக்குக் கொடுக்கிறேன். கீழ்ச் சுரங்கள் ஓரளவு சரி. மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது. வேறு மடிக்கணினியில் செருகினால் இறங்கும் அளவும் மாறுகிறது. நிரலில் பிழையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நிரலில் கை வைக்க வேண்டாம். கணினியை மாற்றியதும் அளவு மாறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

உங்கள் சிந்தசைசர் ஸ்தாயிக்கு ஒரு வோல்ற்று என்ற முறையில், அதாவது உள்ளீடு ஒரு வோல்ற்று கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் முறையில், இயங்குவதாகக் கொள்கிறேன் (பழைய கோர்க் எம்.எஸ்.-20 போன்றவை வேறு முறையின, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்). அப்படியாயின் ஓர் அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ற்று. ஆர்டுயினோவோ யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ற்றையே அளவுகோலாகப் பிடிக்கிறது. அது கணினிக்குக் கணினி சற்று மாறும்; 4.8 ஆகக் குறைந்தால் ஒவ்வொரு ஸ்தாயியிலும் 40 மில்லிவோல்ற்று, அதாவது ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி, பறிபோகும். வடிகட்டியின் தடையி 10 கிலோ ஓமாகவும் சிந்தசைசரின் உள்ளீட்டுத் தடை 100 கிலோ ஓமாகவும் இருந்தால் இன்னும் 9 சதவீதம் போய்விடும். இவை இரண்டையும் சரிசெய்தாலும், 8 பிட் பி.டபிள்யூ.எம்.மின் ஒரு படி 19.6 மில்லிவோல்ற்று என்பதால், தம்புராவுக்குப் பழகிய காது அதை ஏற்காது.

பி.டபிள்யூ.எம்.முக்குப் பதிலாக, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் எம்.சி.பி. 4822 என்ற 12 பிட் சிப்பைப் பயன்படுத்துங்கள். தனக்குள்ளேயே நிலையான 2.048 வோல்ற்று அளவுகோலை வைத்திருக்கும் இது, இரட்டிப்பு நிலையில் 4.096 வோல்ற்றை 4096 படிகளாகப் பிரிக்கிறது. படிக்கு ஒரு மில்லிவோல்ற்று. அதன் வெளியீட்டை நேரே சிந்தசைசருக்குக் கொடுக்காமல், ±12 வோல்ற்றில் இயங்கும் டி.எல். 072 விரியலாக்கி வழியாக அனுப்பி, பெருக்கத்தை ஒன்றுக்குச் சற்றுக் கீழும் மேலும் நகர்த்தக்கூடிய பல சுற்றுத் திருகு மாறுந்தடையி ஒன்றை இணையுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது ஒற்றைச் சுற்றுத் திருகைத் தந்தால் மறுத்துவிடுங்கள். விரல் சற்று அசைந்தாலே அதில் பல மில்லிவோல்ற்று தாண்டிவிடும்.

பிறகு அடிச் சுரத்தையும் நான்கு ஸ்தாயி மேலுள்ள அதே சுரத்தையும் மாறி மாறி வாசித்து, சிந்தசைசரை இணைத்த நிலையிலேயே மல்ரிமீற்றரில் வித்தியாசம் 4.00 வோல்ற்று வரும்வரை திருகுங்கள்.