மாத்திரைக்கு ஓட்டிய எச்பிஎல்சியில் புரதத்தையும் ஓட்டலாமா?

மாத்திரை மருந்துகளை எச்பிஎல்சியில் (கரைசலை அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டிப் பழகியவர், இன்சுலின் போன்ற பெப்டைடுக்கும் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; பெரிதானால் புரதம்) அதே முறை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவி போதும், பழக்கம் போதாது. சென்னையில் பெப்டைடு மருந்துகளைச் சோதிக்கும் லேபில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் 'காலம்' (column) என்று நாம் சொல்லும் எஃகுக் குழாயைப் பாருங்கள். உள்ளிருக்கும் சிலிகாவில் வழக்கமாக 100 ஆங்ஸ்ட்ராம் (10 நானோமீட்டர்) அளவுத் துளைகள் இருக்கும். பெரிய புரதம் அதற்குள் சரியாக நுழையாது, வரைபடத்தில் அதைக் காட்டும் மேடு, அதாவது பீக், அகலமாகிவிடும். 300 ஆங்ஸ்ட்ராம் வாங்குங்கள். சிலிகாவின் மேல் ஒட்டியிருக்கும் கார்பன் சங்கிலி பெப்டைடுக்கு 18 கார்பன் நீளம் (சி18), பெரிய புரதத்துக்கு 4 கார்பன் நீளம் (சி4).

அடுத்தது அசிட்டோநைட்ரைல், தண்ணீரோடு கலந்து குழாய் வழியே ஓட்டும் கரைப்பான். மாத்திரை மூலக்கூறு கலவை மாறினால் கொஞ்சம் முன்பின் நகரும், அவ்வளவுதான். புரதம் அப்படியில்லை. ஒட்டினால் முழுசாக ஒட்டும், குறிப்பிட்ட சதவீதம் வந்ததும் மொத்தமாகக் கிளம்பிவிடும். அதனால்தான் அசிட்டோநைட்ரைலை நிமிடத்துக்கு ஒரு சதவீதம், அதற்கும் குறைவு என்று மெதுவாக ஏற்றுகிறோம். 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலினை மாறாத கலவையிலும் ஓட்டுகிறார்கள், ஆனால் அதில் கலவை ஒரு சதவீதம் நகர்ந்தாலே பீக் எங்கோ போய்விடும். மே மாதச் சென்னையில் இரவு ஏசி நின்று, பாட்டில் மூடியும் தளர்வாக இருந்தால் அசிட்டோநைட்ரைல் ஆவியாகும். காலையில் கருவியைத் திட்டிப் பயனில்லை. குழாயின் வெப்பத்தை 40 டிகிரியில் பூட்டி வைப்பதும் பீக் இப்படி நகராமல் இருக்கத்தான்.

அளப்பதற்கு 214 நானோமீட்டர் புற ஊதா ஒளி. பெப்டைடு பிணைப்பே அங்கே ஒளியை உறிஞ்சும். 280-இல் டிரிப்டோஃபேன், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இருந்தால்தான் தெரியும். ஓட்டும் கரைசலில் 0.1 சதவீத டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) சேர்த்தால் பீக் கூர்மையாகும். ஆனால் அதுவும் 214-இல் உறிஞ்சுவதால் வரைபடத்தின் அடிக்கோடு சாயும். மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவதாக இருந்தால் ஃபார்மிக் அமிலத்துக்கு மாறுங்கள், டிஎஃப்ஏ அங்கே சிக்னலை அமுக்கிவிடும்.

அப்புறம், நீர்த்த கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் வைத்தால் பெப்டைடு சுவரில் ஒட்டி அளவு குறைவாகக் காட்டும். பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் குப்பி நல்லது.

திரண்டுபோன புரதத்தை மட்டும் இந்த முறையில் தேடாதீர்கள். அமிலமும் அசிட்டோநைட்ரைலும் அந்தத் திரளையே கலைத்துவிடலாம். அதற்கு உப்புக் கரைசலில் மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்இசி தனியாக வேண்டும்.